பின்னறிவைத் துறத்தல்: வரலாற்று வியூக விளையாட்டுகளில் தன்விதிகள்

ஆய்வுச்சுருக்கம்

வரலாற்றைக் களமாகக் கொண்ட கணினி வியூக விளையாட்டுகளை ஆடுவோருள் ஒரு சாரார், நிரல் விதிக்காத கட்டுப்பாடுகளைத் தாமே வகுத்துக்கொண்டு ஆடுகின்றனர். சேமித்த ஆட்டத்திற்குத் திரும்பிச் செல்லாமை, பின்னர் நிகழ்ந்தவற்றை அறியாதவர் போல முடிவெடுத்தல், ஏற்ற மன்னரின் இயல்புக்கு மாறாக நடவாமை, சில வகை வெற்றிகளை ஏற்காமை என இவை பலவாகும். இக்கட்டுரை இவற்றைத் ‘தன்விதிகள்’ எனக் குறிப்பிட்டு, அவற்றின் தோற்றத்தையும் செயல்பாட்டையும் விளக்குகிறது. வரலாற்றுச் சிந்தனை என்னும் வகையில் அவை எதனைச் சாதிக்கின்றன, எங்கே தவறுகின்றன என்பது இதன் மையக் கேள்வி.

திறவுச்சொற்கள்: வியூக விளையாட்டு, தன்விதி, பின்னறிவு, போர் ஒத்திகை விளையாட்டு, சோழர் மரபுரிமை

முன்னுரை

1444ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், வர்ணாப் போரில் ஒட்டோமானியர் வென்ற மறுநாளாகும். சுவீடன் நாட்டின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ என்னும் கணினி விளையாட்டு அந்நாளில் தொடங்குகிறது. விளையாடுநர் உலக வரைபடத்தில் உள்ள அரசுகளுள் ஒன்றைத் தேர்ந்து 1821 வரை அதனை நடத்தலாம். விசயநகரத்தைத் தேர்ந்தவருக்கு இரண்டாம் தேவராயரின் இறுதி ஆண்டுகள் கைக்கு வரும். பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அந்நகரைக் கண்டு வியந்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான். வடக்கே பாமினி சுல்தானகம் நிற்கிறது. இவையெல்லாம் தேவராயரும் அறிந்தவை. ஆனால் அவர் அறியாத ஒன்றை விளையாடுநர் அறிவார்: 54 ஆண்டுகள் கழித்து, 1498இல், போர்த்துக்கீசியக் கலங்கள் கோழிக்கோட்டுக் கரையை அடையும். 1565இல் தலைக்கோட்டைப் போர் நிகழும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இவ்வறிவைக் கொண்டு மேற்குக் கரை முழுதும் கோட்டையும் கப்பற்படையும் அமைத்துவிடுவதற்கு ஆட்டத்தில் தடை ஏதுமில்லை. எனினும், அந்நியக் கலம் கண்ணில் படும்வரை கடலுக்கெனத் தனியே செலவிடுவதில்லை என்று உறுதி பூண்டு ஆடுவோர் உண்டு. ஆட்டம் அவர்களிடம் இதனைக் கேட்கவில்லை. கைக்கொண்டால் பரிசும் இல்லை, மீறினால் தண்டனையும் இல்லை. வெல்வதற்கான வழி திறந்திருக்க, அதனைத் தானே அடைத்துக்கொண்டு ஒருவர் ஆடுவது ஏன் என்பது எளிய கேள்வியாகத் தோன்றினும், வரலாற்றை அறிதல் என்றால் என்ன என்னும் பெரிய கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

விதியும் தன்விதியும்

விளையாட்டு என்பதே தேவையற்ற தடைகளைத் தாமாக ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதுதான் என்பது மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட நூலில் தந்த வரையறையின் சாரம். பந்தைக் குழியில் இடுவதே நோக்கமெனில் கையால் எடுத்துச் சென்று இட்டுவிடலாம். கோலால் அடித்துத்தான் இடவேண்டும் என்னும் தடையை ஏற்பதால்தான் கோல்ஃப் உண்டாகிறது. இவ்வகையில் பார்த்தால் எல்லா விதியும் ஓரளவில் தன்விதியே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கோல்ஃப் விதியை மீறியவர் கோல்ஃப் ஆடவில்லை என்றாகிவிடும். தன்விதியை மீறியவரோ அதே ஆட்டத்தைத்தான் தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பார்; கணினி எம்மாற்றத்தையும் காணாது. கணினி விளையாட்டில் விதி நிரலாக எழுதப்பட்டிருப்பதால், மீற இயலாததே விதி எனவும், இயல்வதெல்லாம் ஏற்புடையது எனவும் ஒரு மயக்கம் தோன்றுகிறது. தன்விதி இம்மயக்கத்தை உடைக்கிறது.

பலகை விளையாட்டுகளில் குடும்பமோ நண்பர் குழுவோ அச்சிட்ட விதிகளோடு தம் விதிகளையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பழையது. சப்பானியர் கணினி விளையாட்டைப் பொறுத்து இதற்கென ஒரு சொல்லே வைத்துள்ளனர். கட்டுதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த ‘சிபாரி பிளே’, கட்டுண்டு ஆடுதல் எனப் பொருள்படும். கோயி நிறுவனம் 1983இல் தொடங்கிய ‘நோபுநாகாவின் பேரவா’ முதலிய சப்பானிய வரலாற்று விளையாட்டுகளை ஆடுவோரிடமும் இச்சொல் வழங்குகிறது.

தமிழ் இலக்கிய மரபை அறிந்தோர்க்கு இம்மனநிலை புதிதன்று. இதழ் குவிந்தும் ஒட்டியும் பிறக்கும் எழுத்துகளை விலக்கித் துறைமங்கலம் சிவப்பிரகாசர் பாடிய திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை எந்த இலக்கணமும் அவரிடம் கட்டாயமாகக் கேட்கவில்லை. ஆனால் ஒப்புமை ஓரெல்லையோடு நின்றுவிடுகிறது. நிரோட்டகத்தின் தடை பாட்டிலேயே தெரியும். படிப்பவர் தம் உதட்டைக் கொண்டே அதனைச் சோதிக்கலாம். விளையாடுநரின் தன்விதிக்கு அத்தகைய சான்று இல்லை. இக்குறையை நிறைவு செய்யவே, ஆட்டத்தின் போக்கைத் தொடர்கதை போல எழுதி வெளியிடுவோர், தாம் ஏற்ற விதிகளை முதற்பக்கத்திலேயே அறிவித்துவிடுகின்றனர். படைத்துறையில் நடவடிக்கை முடிந்தபின் எழுதப்படும் அறிக்கையின் பெயரையே இவ்வெழுத்துகளும் பெற்றுள்ளன. ‘சிவிலைசேஷன்’ தொடரில் ஒரே ஆட்டத்தைப் பலர் முறைவைத்து ஆடும் வழக்கமும் உண்டு. அங்கு ஒருவர் விதித்ததை அடுத்தவர் காக்கவேண்டியிருப்பதால் விதிகள் ஐயத்திற்கு இடமின்றி எழுதப்படுகின்றன. ‘நேர்மையாக ஆடுக’ என்பது போதாது. ‘இரு நகரங்களுக்கிடையே இத்தனை கட்டங்கள் இருத்தல் வேண்டும்’ என்றே எழுதவேண்டும்.

நடுவர் இல்லாத ஆட்டம்

தன்விதிகளுள் பெரும்பகுதி எதனை ஈடுசெய்ய முயல்கிறது என்பதை அறிய இவ்விளையாட்டுகளின் முன்னோரை நோக்குதல் வேண்டும். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’ என்னும் போர் ஒத்திகை விளையாட்டு, 1:8000 அளவிலான நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்தி ஆடப்பட்டது. அதன் தனிச்சிறப்பு நடுவர். இரு தரப்பாரும் தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் தருவர். எதிரியின் எந்தப் படைப்பிரிவு யாருக்குத் தெரியும், ஆணை எப்போது சென்று சேரும் என்பனவற்றை நடுவரே முடிவு செய்வார். தளபதி அறியக்கூடியதை மட்டுமே ஆடுபவரும் அறிவார். வெர்டி து வெர்னோவா 1876இல் அட்டவணைகளையும் பகடையையும் பெரிதும் ஒதுக்கி, நடுவரின் போர்க்கள அனுபவத்தையே அடிப்படையாக்கினார்.

கணினி வந்தபின் கணக்கிடும் பணியை நடுவரிடமிருந்து அது பெற்றுக்கொண்டது. ஆனால் அறிவை அளந்து தரும் பணி அரைகுறையாகவே நடைபெறுகிறது. வரைபடத்தில் தொலைவிடங்களை மறைக்கும் மூடுபனி உண்டு; ஆனால் தன் நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்தின் வருவாயும் விளையாடுநருக்குத் தசமப் புள்ளி வரை தெரியும். ஆணை பிறப்பித்த நொடியே உலகின் மறுகோடியிலுள்ள படை புறப்படும். அமைச்சர் பொய்யுரைப்பதில்லை, கணக்கர் பிழை செய்வதில்லை. முற்கால அரசர் எவருக்கும் வாய்க்காத தெளிவு இது. ரோம் நகரப் பேரரசரும் இத்தகைய தெளிவைக் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டார்.

இதனை உணர்ந்த ஆக்குநரும் உண்டு. கிரியேட்டிவ் அசெம்பிளி 2004இல் வெளியிட்ட ‘ரோம்: டோட்டல் வார்’ விளையாட்டில், போர்க்களத்தை வானிலிருந்து காணாமல் தளபதி நிற்கும் இடத்திலிருந்து மட்டும் காணும் ஒரு தெரிவு இருந்தது. இதனைத் தேர்ந்தால் குன்றுக்கு அப்பால் தன் இடப்பக்கப் படை சிதறுவதே தெரியாமல் போகக்கூடும். இத்தகைய தெரிவு இல்லாதவிடத்து, விளையாடுநர் தமக்குத் தாமே நடுவராக வேண்டியிருக்கிறது. தன்விதி என்பது ஒருவகையில், இழந்த நடுவரைத் தன் மனத்துள் மீண்டும் அமர்த்திக்கொள்ளும் முயற்சியே.

காலத்தைத் திருப்பாமை

மிக எளியதும் மிகப் பரவலாக அறியப்பட்டதுமான தன்விதி, தோற்ற போரை அழித்துவிட்டுச் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவதில்லை என்பது. இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் இவ்விதி நிரலுக்குள் புகுந்த வரலாறு குறிப்பிடத்தக்கது. ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ இல் ‘அயர்ன்மேன்’ என்னும் முறையைத் தேர்ந்தால் ஒரே ஒரு சேமிப்புக் கோப்புத்தான் இருக்கும். கணினியே அதனை அவ்வப்போது மேலெழுதும். ‘சிவிலைசேஷன் 4’ (2005) வேறொரு வழியைக் கையாண்டது. வாய்ப்பு எண்களை உண்டாக்கும் வித்து சேமிப்போடு சேர்த்தே காக்கப்படுவதால், திரும்பிச் சென்று அதே போரை அதே முறையில் நடத்தினால் அதே முடிவே வரும். மாற்று முடிவு வேண்டுவோர் அதற்கெனத் தனித் தெரிவைத் தேர்தல் வேண்டும்.

ஒரே நகரத்தோடு முழு ஆட்டத்தையும் ஆடுதல் என்னும் அறைகூவலும் இவ்வாறே ஆடுவோரிடையே தோன்றி, பின்னர் ‘சிவிலைசேஷன் 4’ இல் அதிகாரமுறைத் தெரிவாயிற்று. விளையாட்டுகளின் விதிவளர்ச்சியில் ஆடுவோரின் பங்கு போதிய அளவு ஆராயப்படவில்லை என்றே சொல்லலாம். ஆனால் நிரலுக்குள் புகுந்த தன்விதி தன் இயல்பை இழந்துவிடுகிறது. ‘அயர்ன்மேன்’ முறையில் ஆடும்போதும், தோல்வி உறுதியான கணத்தில் கணினியின் செயல்பாட்டை வலிந்து நிறுத்திச் சேமிப்பைத் தவிர்ப்போர் உளர். பூட்டு இருக்கும் இடத்தில் பூட்டைத் திறப்பதும் ஒரு விளையாட்டாகிவிடுகிறது. பூட்டு இல்லாத இடத்தில் அந்தச் சோதனையே எழுவதில்லை.

பின்னறிவு

தன்விதிகளுள் கடினமானது அறிவைப் பற்றியது. நிகழ்ந்து முடிந்த ஒன்றை அறிந்தபின், அது முன்பே எதிர்பார்க்கத்தக்கதாய் இருந்தது என்று மனம் நம்பிவிடுகிறது. தன் கணிப்பு மாறிவிட்டதையும் மறந்துவிடுகிறது. உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் இதனைச் சோதனை வழி காட்டினார். வரலாற்று விளையாட்டை ஆடுபவர் இப்பிழையைக் கருவியாகவே கையாள்கிறார். எந்த மலையில் வெள்ளி கிடைக்கும், எந்த அரசு வீழும், எந்தத் தொழில்நுட்பம் பயன்தரும் என்பனவெல்லாம் அவருக்கு முன்பே தெரியும்.

‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ (2016) என்னும் விளையாட்டு 1936 சனவரி முதல் நாளில் தொடங்குகிறது. பிரான்சைத் தேர்ந்தவருக்கு 1940 மே மாதத்தில் செருமானியக் கவசப்படை ஆர்டென் காடுகளின் வழியே செடானை அடையும் என்பது தெரியும். ஆகவே அங்கே கோட்டைகளை அடுக்கிவிட்டால் போதும். இதனைத் தவிர்க்க எண்ணும் ஒருவர், ‘ஆர்டென் பகுதியை 1940 மே வரை வலுப்படுத்துவதில்லை’ என்று தன்விதி வகுக்கலாம். பார்வைக்கு இது நேர்மையான விதி. ஆனால் ஆவணங்களோடு ஒப்பிட்டால் இதன் எளிமை கலைந்துவிடுகிறது.

முதலாவதாக, பிரெஞ்சுக்காரர் ஆர்டெனை எண்ணிப் பார்க்காதவர் அல்லர். அப்போதைய போர் அமைச்சர் பெத்தேன் 1934இல் மேலவைக் குழுவின்முன், தக்க ஏற்பாடுகள் செய்யப்படின் அப்பகுதி கடத்தற்கரியது என்னும் கருத்தைத் தெரிவித்தார். நிபந்தனை மறக்கப்பட்டு முடிவு மட்டும் நினைவில் நின்றது. 1938இல் தளபதி பிரெட்டலா நடத்திய வரைபடப் பயிற்சி, ஆர்டென் வழியாக வரும் தாக்குதலின் ஆபத்தைக் காட்டவே செய்தது. ஆக, ‘பிரான்ஸ் அறியவில்லை’ என்பது உண்மையன்று. பிரான்சில் சிலர் அறிந்திருந்தனர். முடிவெடுக்கும் இடத்தில் இருந்தோர் அதற்கு எடை தரவில்லை. அவ்வாறாயின் விளையாடுநர் யாருடைய அறிவைத் தம் அறிவாகக் கொள்வது? அரசு என்பது ஒரே மனம் உடையது என்னும் விளையாட்டின் அடிப்படைக் கற்பனையே இங்கு ஐயத்திற்குள்ளாகிறது.

இரண்டாவதாக, கடந்த காலத்தவர் அறியாமையோடு மட்டும் வாழவில்லை. தவறான, ஆனால் தக்க காரணமுடைய நம்பிக்கைகளோடும் வாழ்ந்தனர். 1940 சனவரி 10ஆம் நாள் வழிதவறிய செருமானிய வானூர்தி ஒன்று பெல்ஜியத்தின் மெக்கெலன் அருகே இறங்கியது. அதிலிருந்த அதிகாரியிடம் தாழ்நாடுகளின் வழியே தாக்கும் திட்டத்தின் ஆவணங்கள் கிடைத்தன. முதன்மைத் தாக்குதல் பெல்ஜியச் சமவெளியின் வழியே வரும் என்னும் நேசநாடுகளின் எதிர்பார்ப்புக்கு அவை வலுவூட்டின. அதற்குப் பின்னரே செருமானியர் தம் முதன்மைத் தாக்குதலை ஆர்டெனுக்கு மாற்றினர். எனவே 1940 வசந்தத்தில் பிரெஞ்சுத் தலைமையின் நிலையை உண்மையில் ஏற்க விரும்புபவர், ஆர்டெனை ஒதுக்குவதோடு நில்லாமல், தம் சிறந்த படைகளை வடக்கே பெல்ஜியத்திற்குள் அனுப்பும் முடிவையும் மனமார நம்பி எடுத்தல் வேண்டும். மறத்தல் மட்டும் போதாது. பொய்யை நம்பவும் வேண்டும். தன்விதி இங்கேதான் தன் எல்லையை அடைகிறது. நடிக்கலாம், நம்ப இயலாது.

வரலாற்றறிஞரின் பணி, கடந்தகால மாந்தரின் சிந்தனையைத் தம் மனத்துள் மீண்டும் நிகழ்த்துவது என்று காலிங்வுட் கருதினார். அவர் மறைவுக்குப்பின் 1946இல் வெளியான நூல் இக்கருத்தை விரிவாக எடுத்துரைக்கிறது. பின்னறிவைத் துறந்து ஆடுதல் இதற்கு நெருங்கியதுபோல் தோன்றினும் ஒன்றன்று. போர்த்துக்கீசியரை எதிர்நோக்காமல் கோட்டை கட்டாதிருக்கும் விளையாடுநர், கட்டாமையைத் தேர்ந்தவர். இரண்டாம் தேவராயரோ அவ்வாறு எதனையும் தேரவில்லை. அந்தக் கேள்வியே அவர்முன் எழவில்லை. துறவும் இன்மையும் ஒன்றாகா.

எனினும் இத்தோல்வி பயனற்றதன்று. ‘1940 மே வரை’ என ஒரே வரியில் எழுதிய விதியைத் திருத்த முனைபவர், யார், எப்போது, எதனை அறிந்தார், எவரிடம் சொன்னார் என்று தேடவேண்டியதாகிறது. விசயநகரத்திற்கு விதி எழுதுபவர் அரபுக்குதிரை வாணிகம் எந்தத் துறைமுகங்களின் வழியே நடந்தது என்று படிக்கவேண்டியிருக்கும். கடலைப் பற்றி அவ்வரசு எதனை அறிந்திருந்தது என்பது அங்குதான் தெரியும். விதியைக் கைக்கொள்வதைவிட, விதியை எழுதும் வேலையில்தான் வரலாற்றுப் பயிற்சி கூடுதலாக இருக்கிறது. வகுப்பறையில் இவ்விளையாட்டுகளைக் கையாளும் ஆசிரியர்க்கு இது உதவக்கூடும்: மாணவரை ஆடச் சொல்வதற்கு முன், அவர் ஆடப்போகும் அரசின் அறிவெல்லையை ஒரு பக்க அளவில் சான்றுகளோடு எழுதித் தரச் செய்யலாம்.

நிரலை அறிதலும் நிரலுக்கு உடன்படாமையும்

அலெக்சாண்டர் கேலோவே 2006இல் வெளியிட்ட நூலில் ‘சிவிலைசேஷன்’ போன்ற விளையாட்டுகளைப் பற்றி ஒரு கடுமையான கருத்தை முன்வைத்தார். இவற்றை ஆடுவோர் கற்பது வரலாற்றையன்று. நிரலின் ஒழுங்கையே கற்கின்றனர். வெல்லுதல் என்பது அவ்வொழுங்கை உள்வாங்குதலே என்பது அவர் வாதத்தின் சாரம். ‘சிவிலைசேஷன் 4’ இன் தலைமை வடிவமைப்பாளர் சோரன் ஜான்சனும் வேறொரு கோணத்திலிருந்து இதனைத் தொட்டுள்ளார். வாய்ப்புக் கிடைத்தால் ஆடுவோர் மிகுபயன் தரும் வழியையே நாடி, ஆட்டத்தின் இன்பத்தைத் தாமே வற்றச் செய்துவிடுவர் என்பது அவர் கூற்று. தொடரின் தொடக்ககால ஆட்டங்களில் சிறு நகரங்களை நெருக்கமாக எண்ணிறந்து நிறுவிச் செல்வது வெல்லும் வழியாக இருந்தது. எந்த நாகரிகத்தைத் தேர்ந்தாலும் எகிப்தும் சீனமும் ஒரே வடிவில்தான் பரவின.

கேலோவேயின் வாதம் வலிமையானது. ஆனால் தன்விதியோடு ஆடுபவரை அது கணக்கில் கொள்ளவில்லை. நகரங்களுக்கிடையே குறைந்த அளவுத் தொலைவு வேண்டும் என விதிப்பவர் நிரலை நன்கு அறிந்தவர். அறிந்ததனாலேயே அதற்கு உடன்பட மறுக்கிறார். எந்த இடத்தில் நிரல் வரலாற்றிலிருந்து விலகுகிறது என்பதை அவர் கண்டுபிடித்து அவ்விடத்தில் தம் விதியைப் பொருத்துகிறார். ஒவ்வொரு தன்விதியும், ‘இவ்விடத்தில் இம்மாதிரி பொய்யுரைக்கிறது’ என எழுதப்பட்ட ஓரக்குறிப்பாகும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. வரலாற்றுக்கு ஏற்ப ஆடுதல் என்னும் பெயரில் நிகழ்ந்ததையே மீண்டும் நிகழச் செய்யும் விதிகளும் உண்டு. 1565இல் விசயநகரம் தோற்றே ஆகவேண்டும் என்று விதிப்பது பின்னறிவைத் துறப்பதன்று. அதனை அரியணையில் ஏற்றுவது. நிகழக்கூடியவற்றின் எல்லையைக் குறிப்பதும் நிகழ்ந்ததை விதியாக்குவதும் வெவ்வேறு. தன்விதிகளைப் பற்றிய பேச்சில் இவ்விரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

மறுத்தல் என்னும் விதி

1993இல் ஆலன் எம்ரிக் இவ்வகை விளையாட்டுகளின் இலக்கணத்தை நான்கு வினைகளில் அடக்கினார்: தேடுதல், விரிதல், சுரண்டுதல், அழித்தல். அப்பெயர் இன்றும் நிலைத்துள்ளது. எந்த மக்களைத் தேர்ந்தாலும் இந்நான்கையும் செய்தாக வேண்டும் என்பதே சிக்கல். 2018இல் ‘சிவிலைசேஷன் 6’ விளையாட்டில் கனடாவின் கிரீ மக்களும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர்தம் தலைவர் பவுண்ட்மேக்கரும் சேர்க்கப்பட்டபோது, அவர் பெயர் தாங்கிய கிரீ சமூகத்தின் தலைவருள் ஒருவர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். பிறர் நிலத்தை வென்று கைக்கொள்ளும் குடியேற்ற நாட்டவரின் விழுமியத்தையே தம் முன்னோரும் கொண்டிருந்தனர் என்னும் பொய்த்தோற்றத்தை இது வலுப்படுத்துகிறது என்பது அவர் கருத்து. 1885 கிளர்ச்சியை ஒட்டிச் சிறையிடப்பட்ட பவுண்ட்மேக்கரைக் குற்றமற்றவர் எனக் கனடா அரசு அறிவித்தது 2019இல்தான்.

இக்குறைக்குத் தன்விதி வழியே விடை தேடலாம். பிறர் நகரைக் கைப்பற்றேன். ‘காட்டுமிராண்டிகள்’ எனப் பெயரிடப்பட்ட முகாம்களைப் பொன்னுக்காக அழியேன் என விதித்துக்கொண்டு ஆடலாம். முகாம்கள் காலப்போக்கில் நகர அரசுகளாக வளரக்கூடிய ஒரு தெரிவை ஆக்குநரே 2021இல் சேர்த்தனர். எனினும் இங்குத் தன்விதியின் வலிமையை மிகைப்படுத்தக் கூடாது. ஒருவர் அழிக்காமல் விட்ட முகாமை அயல் நாகரிகத்தைக் கணினி அழித்துவிடச் செய்யும். எவருக்கும் உரிமையில்லாத வெற்றிடம் என்று வரைபடம் காட்டும் கட்டங்களில் மக்கள் வாழ்ந்தனர் என்பதை எந்தத் தன்விதியும் அங்கே வரைந்து காட்டாது. ஒரு வினையைச் செய்யாதிருக்க விதி போதும். இல்லாத மாந்தரைப் படைக்க நிரல் வேண்டும்.

குலமும் அரியணையும்

தமிழக வரலாற்றோடு நேரே தொடர்புடைய ஓர் இடம் ‘க்ரூசேடர் கிங்ஸ்’ தொடரில் உண்டு. 2014இல் வெளியான ஓர் இணைப்பின் வழி இந்தியத் துணைக்கண்டம் அதன் இரண்டாம் பதிப்பிற்குள் வந்தது. 2020இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் தொடர்கிறது. இவ்விளையாட்டில் விளையாடுநர் நாட்டையன்று, ஒரு குலத்தை ஏற்கிறார். மன்னர் இறந்தால் அதே குலத்து வாரிசாகத் தொடர்வார்.

இத்தொடரை ஆடுவோரிடம் மன்னரின் இயல்புக்கு மாறாக நடவாமை முதன்மையான தன்விதியாக விளங்கியது. இரக்கமுள்ளவர் என நிரல் குறித்த மன்னரைக்கொண்டு சிறைப்பட்டவரைக் கொல்வது எளிது, இலாபமும் அதில்தான். அதனைச் செய்யாமை விதி. மூன்றாம் பதிப்பு இத்தன்விதியை ஏறத்தாழ நிரலாகவே மாற்றிவிட்டது. இயல்புக்கு மாறான செயல் மன அழுத்தத்தைக் கூட்டும். அது 100, 200, 300 என்னும் படிகளைத் தாண்டும்போது மன்னர் நிலைகுலைவார். ஆடுவோர் தம் உள்ளத்தில் வைத்திருந்த நடுவர் இவ்வாறு எண்ணாகத் திரைக்கு வந்தார். வந்ததும் அழுத்தத்தைக் குறைக்கும் விருந்தும் வேட்டையும் கணக்கிட்டு நடத்தப்படலாயின.

குலத்தைப் பற்றிய விதி இதனினும் ஆழமானது. 1066ஆம் ஆண்டில் ஆட்டத்தைத் தொடங்கினால் சோழ அரியணையில் வீரராசேந்திரன் காலம். அடுத்த நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை வரலாறு கூறுகிறது. 1070இல் அவன் மறைந்தான். மகன் அதிராசேந்திரன் சில காலமே ஆண்டு மறைந்தான். அதன்பின் அரியணை ஏறியவன் முதற்குலோத்துங்கன். அவன் தந்தை கீழைச்சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரன். தாய் அம்மங்கதேவி, முதலாம் இராசேந்திரனின் மகள். இராசராச நரேந்திரனோ முதலாம் இராசராசனின் மகள் குந்தவைக்கும் விமலாதித்தனுக்கும் பிறந்தவன். குலோத்துங்கனும் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியையே மணந்தான். மூன்று தலைமுறைகளாகப் பெண் கொண்ட உறவு இது. தாய்மாமன் வீட்டு உரிமை என்பது என்னவென்று தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டின் நிரலுக்கு இது விளங்காது. சிறப்புத் திருமண ஏற்பாடு செய்துகொண்டாலன்றிப் பிள்ளை தந்தையின் குலத்தையே சேரும். நிரலின் கண்ணில் குலோத்துங்கன் சாளுக்கியன். பெண்ணுக்கு முன்கூட்டியே தாய்வழித் திருமணம் செய்வித்துக் குலத்தைக் காப்பது ஆட்டத்தில் திறமையான வழி. அரியணைக்கு உரிய மகள்வழி உறவினரை அகற்றிவிடுவது அதனினும் திறமையான வழி. இவ்விரண்டையும் செய்வதில்லை, வேங்கியோடு கொண்ட மணவுறவை வரலாற்றில் இருந்த வண்ணமே போற்றுவது என்று ஒருவர் தன்விதி வகுத்துக்கொண்டு, தந்தைவழி வாரிசு எவரும் எஞ்சாத நிலையில் அம்மங்கதேவியின் மகனை அரியணை ஏறவிட்டால், ஆட்டத்தின் அடிப்படை விதிப்படி அவர் தோற்றவராவார். சோழர் கதை முடிந்துவிட்டதாகத் திரை அறிவிக்கும். கல்வெட்டுகளில் அவ்வாட்சி 1279 வரை நடந்தது.